பாதிக் கிணறு

“கிணறு. காலை 7.10. 11.08.2020. பார்த்து வரைந்தது.”

ஒரு படத்தின் வலது கீழ் மூலையில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. திகதி சரி. நேரமும் சரி; பேனையைத் திறக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து எழுதிவிடுவது என் வழக்கம். கடைசி இரண்டு சொற்கள் பொய். அந்தப் பொய் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் நண்பரின் விறாந்தையில் தொங்குகிறது. அதனால் ஒரு பெண்ணுக்குத் தன் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் போனது. நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க இவ்வளவு காலம் பிந்தியதும் என் பிழைதான்.

நான் ஓய்வுபெற்ற உப தபாலதிபர். ஊரில் இப்போதும் “மாஸ்டர்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க, காலையில் அலுவலகம் திறந்ததும் நான் செய்த முதல் காரியம், முத்திரையில் திகதியை மாற்றி ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்ப்பது. இடம்பெயர்ந்து தகரக் கொட்டிலுக்குள் இருந்து கடிதம் பிரித்த நாட்களிலும் அதை விடவில்லை. ஓய்வு கிடைத்தபின் அந்தக் காலை நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசிப்பு, அதிலும் கல்வெட்டு, பழைய ஏடு பற்றியது, எப்போதும் இருந்தது. ஆனால் அது பின்னேரத்துக்குரியது. 2019 ஜனவரியில், கைத்தொலைபேசியில் ஒருவர் மைப் பேனையால் ஒரு பழைய வீட்டை வரைவதைப் பார்த்தேன். அடுத்த நாள் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியும் இரண்டு மைப் பேனைகளும் வாங்கினேன்.

பென்சிலை நான் தொடவில்லை. அழிக்கக்கூடிய எதையும் பதிவு என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. மை அப்படியில்லை. போட்டால் போட்டதுதான்.

முதல் மூன்று மாதமும் கோடுகள்தான். கொப்பியின் அச்சுக் கோட்டுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக, ஒரு பக்கத்துக்கு நாற்பது. பிறகு சாய்கோடுகள். பிறகு சாய்கோட்டுக்கு மேல் எதிர்ச் சாய்கோடு, அதுதான் நிழல். முதலாம் கொப்பியை இன்று புரட்டினால் நூலறுந்த சாக்குப்போலக் கிடக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி மட்டும் நேராக நிற்கிறது.

பரந்தனில் இருந்து வயல்பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் மூன்று வளவுகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. எதிரே அடுத்தடுத்து இரண்டு. மேற்கு வளவு என் நண்பருடையது. எங்கள் இருவரின் தகப்பன்மாரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து நெல் விதைக்கவென்று ஒரே காலத்தில் இங்கே வந்து குடியேறியவர்கள். அவரும் நெற்காரர், சொந்த உழவு மெசின் இருக்கிறது. கிழக்கு வளவில் இருப்பவர் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த பெண். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம், தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்தவர். கணவர் இப்போது இல்லை. வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தியும் கத்தரியும் வைத்து, விடிய முன்னம் பிடி கட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார். நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் உவர். என் வளவுக் கிணறு உடுப்புத் தோய்க்கத்தான் உதவும். நல்ல தண்ணீர் நிற்பது அந்த இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கும் ஒரே கிணற்றில். அது பங்குக் கிணறு. எல்லைவேலி கிணற்றுக்கட்டில் வந்து முட்டி நிற்கும். மற்றப் பக்கத்தில் கட்டிலிருந்து திரும்பத் தொடங்கிப் போகும். கிணற்று வாய்க்கு மேலே, இரண்டு வீட்டாரும் மறைவாகக் குளிப்பதற்காக ஒரு தகரம் குறுக்கே நிறுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கப்பி. யாழ்ப்பாணத்தில் இப்படிக் கிணறுகள் சாதாரணம். அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். குடிதண்ணீர் நானும் அந்தக் கிணற்றில்தான், நண்பரின் பக்கத்தில், அள்ளிக்கொண்டு வருவேன். இதை இங்கே சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது சரியாக விளங்காது.

2019 மே மாதத்தில் கோட்டிலிருந்து பொருளுக்கு மாறினேன். நண்பரின் மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு, கிணற்றை வரையத் தொடங்கினேன். கிணற்றின் வாய் வட்டம். ஆனால் இருந்து பார்ப்பவனுக்கு அது வட்டமாகத் தெரியாது. படுத்த நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டந்தான் என்னை ஒரு வருடத்துக்கு மேல் அலைக்கழித்தது. ஒரு பக்கம் கூராகும், மறுபக்கம் வீங்கும். எனக்குத் தெரிந்தது பாதி வாய்தான், மீதியைத் தகரம் மறைத்தது. அந்தப் பாதியும் வரவில்லை.

“என்ன மாஸ்டர், இண்டைக்கும் கிணறோ?” நண்பர் வயலுக்குப் போகிற வழியில் கேட்பார்.

“வட்டம் வருதில்லை.”

“இந்தக் கிணத்தைக் கிண்டி முடிக்கக்கூட இவ்வளவு நாள் எடுத்திராது.”

ஒருநாள் தகரத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சி தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். கயிற்றை இழுக்கும்போது அவருடைய கை மட்டும் தகரத்துக்கு மேலே வந்து வந்து போகும். அதையும் வரைந்திருந்தேன். கொப்பியைத் தகரத்துக்கு மேலால் நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“அண்ணை, இது என்ர கையோ?”

“ஓம்.”

“மரவள்ளிக் கிழங்கெல்லோ மாதிரிக் கிடக்கு. அவிச்சுச் சம்பலோட சாப்பிடலாம்.” கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். “கிணறும் சரிஞ்சு கிடக்கு. இப்பிடிக் கட்டினா தண்ணி முழுக்க அவையின்ர பக்கம் ஓடிவிடும்.”

என் பக்கத்தில் நின்ற நண்பர், அவர், நான் மூன்று பேரும் சிரித்தோம். இரண்டாம் கொப்பியில் அந்தப் பக்கத்தின் திகதி 22.06.2019.

அந்தக் காலத்தில் என் கையை நான் நம்பவில்லை. நம்பாதவன் எண்ணுவான். தகரத்தின் வளைவுகளை எண்ணினேன், பதினொன்று. கட்டு வரை வரும் வேலியின் கிளுவைக் கதியால்களை எண்ணினேன், இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் ஆறு. கட்டில் வெடிப்பு இருந்தால் வெடிப்பைப் போட்டேன். எதை விடலாம் என்று தெரியாததால் எதையும் விடவில்லை. படம் அசிங்கமாக இருந்தது. இருந்தது எல்லாம் அதில் இருந்தது.

வீட்டில் பால்மாப் பேணியை மேசையில் வைத்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து அதன் வாயை வரைந்தேன். சட்டி, வாளி, தேநீர்க் கோப்பை எல்லாவற்றின் வாயும் கொப்பியில் வந்தன. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுற்ற வேண்டும் என்பதும், பேனை தாளில் படமுன் இரண்டு தரம் காற்றில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்கு நாலாம் கொப்பியில்தான் பிடிபட்டன. ஐந்தாம் கொப்பியில் கோடு நடுங்கவில்லை. காணொளியில் வரைந்துகாட்டியவர், படத்துக்கு வேண்டாததை விட்டுவிடுங்கள் என்று அடிக்கடி சொல்லுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம். விடத் தெரிந்த ஆளாக நானும் ஆகிவிட்டேன் என்று.

ஓகஸ்ட் 11 காலை நல்ல தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனேன். காற்றில் இரண்டு தரம் சுற்றினேன். மூன்றாம் தரம் பேனை இறங்கியது. கிணற்று வாய் முழுதாக, ஒரே இழுவையில், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. ஒன்றரை வருடமாகத் தேடிய கோடு அது.

இப்போது தகரத்தைப் போட வேண்டும். போட்டால் அந்தக் கோட்டின் பின்பாதி தகரத்துக்குப் பின்னால் போய்விடும். மையை அழிக்கவும் முடியாது. கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு தகரத்தை விட்டேன். தகரம் இல்லையென்றால் கட்டில் முட்டி நிற்கும் வேலி நடுவில் அறுந்ததுபோல இருக்கும். ஆகவே வேலியை எடுத்துக் கிணற்றுக்கு இரண்டு பாகம், ஏறக்குறையப் பன்னிரண்டு அடி, பின்னால் வைத்தேன். ஒரே வரிசையாக, முறியாமல், அழகாகப் போனது. கிணற்றின் உட்சுவரில், நான் இருந்த இடத்திலிருந்து ஒருநாளும் காணாத பக்கத்தில், கல்லடுக்கும் பாசியும் நிழலும் போட்டேன். அந்த நிழலைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். முடித்துவிட்டு, முத்திரை குத்துகிறவனின் கை தன்பாட்டில் குறிப்பை எழுதியது. பார்த்து வரைந்தது.

நண்பர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மாஸ்டர், இது கிணறு! சத்தியமா இதுதான் கிணறு!” என்று சொல்லி, ஒழுங்கையில் போனவர்களையும் கூப்பிட்டார். தங்கச்சியும் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நல்ல வடிவாக் கிடக்கு அண்ணை.” பார்த்துக்கொண்டே நின்றவர், “தகரத்தைக் கழட்டிப் போட்டியள்,” என்றார்.

“படத்துக்கு அது வடிவில்லைத் தங்கச்சி.”

“ஓம், கறள் பிடிச்ச தகரந்தானே.” சிரித்துக்கொண்டு போனார்.

படத்தை நண்பருக்கே கொடுத்தேன். அவர் அதைப் பரந்தனுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு, விறாந்தையில் தான் தேத்தண்ணீர் குடிக்கும் கதிரைக்கு நேரெதிரே மாட்டினார்.

அந்த மார்கழி மழைக்காற்றில் தகரம் பறந்துபோனது. கிணற்றடியில் தொடங்கி எல்லை நெடுக நின்ற கதியால்களும் உக்கிச் சரிந்தன. நண்பர் அவற்றை இழுத்து விறகாக்கினார். இரண்டு வீடும் நல்ல உறவில் இருந்த காலம். யாரும் திரும்ப அடைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் கிணற்றடி வெளியாகக் கிடந்தது. இருவரும் அள்ளினார்கள். நானும் அள்ளினேன்.

2023 பெப்ரவரியில் நண்பரின் மகன் வெளிநாட்டிலிருந்து மதில் கட்டச் சொல்லிவிட்டான். மாடுகள் உள்ளே வந்து மரக்கன்றுகளைத் தின்கின்றன என்பது காரணம், அது உண்மைதான். கிணற்றுக்குக் கிழக்கால் அத்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்று கிழக்கு வளவிலிருந்து சத்தம் கேட்டு நானும் போனேன்.

“நூல் பிழையாக் கிடக்கு அண்ணை,” என்று தங்கச்சி நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “கிணத்துக்கு நடுவாலயெல்லே வேலி வந்தது.”

“ஆர் சொன்னது? கிணறு எங்கட வளவுக்க. நீங்கள் அள்ளுறதை நாங்கள் ஒருநாளும் மறிக்கேல்லை. அது வேற கதை.”

“மறிக்கிறதுக்கு அது உங்கட மட்டும் இல்லையே!”

நண்பர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையான ஆச்சரியந்தான் இருந்தது.

அடுத்த நாள் கிராம அலுவலர் வந்தார். இந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த இளம் பெண். தங்கச்சியின் வளவுப் பத்திரங்கள் போரின் கடைசி இடப்பெயர்வில் தொலைந்தவை. நண்பரிடம் இருந்த பழைய அனுமதிப்பத்திரத்தில் காணியின் அளவு இருந்ததே தவிர, கிணறு இல்லை. கிணறு பிறகு நண்பரின் தகப்பனும் தங்கச்சியின் மாமனாரும் வாய்ப்பேச்சில் சேர்ந்து வெட்டியது. ஒழுங்கையில் மற்றவர்கள், “ரெண்டு பேரும் எங்களுக்கு வேண்டிய ஆக்கள், எங்களை இதுக்க இழுக்காதேங்கோ,” என்று விலகிவிட்டார்கள்.

அப்போது நண்பர் உள்ளே போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார்.

“இதைப் பாருங்கோ பிள்ளை. மாஸ்டர் கீறினது. திகதியும் கிடக்கு, நேரமும் கிடக்கு. மாஸ்டர் திகதி போடாமல் தும்மவும் மாட்டார்.”

கூடிநின்றவர்கள் சிரித்தார்கள். கிராம அலுவலர் படத்தை நிதானமாகப் பார்த்தார். வேலியில் விரலை வைத்தார். பிறகு கிணற்றில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, இது நீங்கள் பாத்துக் கீறினதோ?”

“ஓம்,” என்றேன். “அந்த மாமரத்துக்குக் கீழ இருந்துதான்.”

மாமரத்தடியில் இருந்தது உண்மை. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று பல தரம் எனக்குள் விசாரித்துவிட்டேன். நண்பரைச் சபையில் தலைகுனிய வைக்க விருப்பமில்லாதது ஒன்று. நாளைக்கும் அவருடைய கிணற்றில் நான் குடிதண்ணீர் அள்ள வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் அந்த நொடியில் நெஞ்சில் நின்றது இவை இரண்டும் அல்ல. மாஸ்டரின் படத்தில் பிழை வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அதை என் வாயால் உடைக்க என்னால் முடியவில்லை.

தங்கச்சி படத்துக்குக் கிட்ட வந்தார். குனிந்து, கண்ணாடியில் மூச்சுப் படும் அளவுக்குப் பார்த்தார்.

“உங்கட படத்தில நான் எங்க நிண்டு தண்ணி அள்ளுறன் அண்ணை?”

கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் படத்தைப் பார்த்தேன். அவர் நிற்க வேண்டிய இடத்தில் என் பாசி, என் நிழல், அதற்குப் பின்னால் என் வேலி.

கிராம அலுவலர், விருப்பமில்லாதவர் பிணக்குத் தீர்க்கும் இணக்க சபைக்கு எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சியிடம் ஆதாரமாக வைக்க ஒரு கடதாசியும் இல்லை. நூல் கட்டிய இடத்திலேயே கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள்.

அன்று பின்னேரமே இரண்டாம் கொப்பியை எடுத்துவிட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை, கொப்பிகள் திகதி வரிசையில்தான் இருக்கின்றன. மே முதல் நவம்பர் வரை முப்பத்திநாலு கிணறுகள். முப்பத்திநாலிலும் வேலி கட்டில் முட்டுகிறது. தகரம் குறுக்கே நிற்கிறது. ஆறு படத்தில் தகரத்துக்கு மேலே மரவள்ளிக் கிழங்குபோல ஒரு கை.

அந்தக் கொப்பியை நான் கிராம அலுவலரிடம் கொண்டுபோனது பத்தொன்பது நாள் கழித்து. இடைப்பட்ட நாட்களுக்கு என் நாட்குறிப்பில் காரணம் எதுவும் இல்லை. மழை இல்லை, காய்ச்சல் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பயிற்சி செய்திருக்கிறேன். பேணி, வாளி, பேணி. பதினேழாம் நாள் மதில் கிணற்றைத் தாண்டிவிட்டது. அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது. சீமெந்துக் குழையலைச் சாந்தகப்பையால் வழிக்கும் சத்தம்.

கிராம அலுவலர் கொப்பியைப் பொறுமையாகப் புரட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். சட்டம் போட்ட படத்தில் வேலியை நான்தான் மாற்றினேன், உண்மை இந்தக் கொப்பியில் இருக்கிறது என்றேன்.

“ஐயா, கோவிக்காதேங்கோ,” என்றார் அவர். “இது கிணறெண்டு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. இதை நான் சுளகு எண்டு நினைச்சன்.” இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். “இதில வேலி கிணத்துக்கு மேலால போகுது. இதில கிணறே வேலியில தொங்குது. மற்றப் படம் எவ்வளவு தெளிவாக் கிடந்தது. இதைக் காட்டி அதைப் பொய்யெண்டு சொன்னா ஆர் நம்புவினம்?”

“கீறினவன் நானே சொல்லுறன், பிள்ளை.”

“அண்டைக்கும் நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

எழுத்தில் தந்தால் கோவையில் சேர்ப்பதாகச் சொன்னார். அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தேன்.

அங்கிருந்து நேரே நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் படத்துக்கு எதிரே, வழக்கமான கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தகரத்தை விட்டது, வேலியைத் தள்ளியது, காணாத பக்கத்தை வரைந்தது. சொல்லி முடித்ததும் அவர் படத்தைப் பார்த்தார்.

“இல்லை மாஸ்டர். உங்களுக்கு மறந்துபோச்சு. இதில கிடக்கிறமாதிரித்தான் இருந்தது.”

“தகரம் நிண்டது உங்களுக்கு ஞாபகமில்லையோ?”

“தகரம் நிண்டதுதான்... அது அந்தப் பக்கமாயெல்லோ நிண்டது?” அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கிணற்றடியைக் காட்டவில்லை, படத்தைத்தான் காட்டினார். வேலிக்குப் பக்கத்தில் ஓரிடத்தை. பிறகு கையை மெல்ல இறக்கினார். “ரெண்டரை வருசமா ஒவ்வொரு நாளும் இதைப் பாத்துக்கொண்டிருக்கிறன். எனக்குத் தெரியாதே?”

கிணற்றையும் அவர் ஒவ்வொரு நாளும் பார்த்தவர்தான். ஆனால் கிணற்றை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. படத்தை உட்கார்ந்து பார்த்தார். நான் ஒருவரை ஏமாற்றவில்லை, ஒரு மனிதரின் ஞாபகத்துக்குள் போய் வேலியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

நண்பர் நல்லவர். இரண்டு கிழமை யோசித்துவிட்டு, கிணற்றுக்கு நேரே மதிலில் ஒரு வழி உடைத்து, இரும்புப் படலை ஒன்று போட்டார். எப்போது வேண்டுமென்றாலும் திறந்து வந்து அள்ளலாம் என்று தங்கச்சிக்குச் சொல்லும்படி என்னைத்தான் அனுப்பினார்.

தங்கச்சி கீரைப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வாழைநாரை இறுக்கினார்.

“பாதிக் கிணறெண்டா வாறன் அண்ணை. படலையெண்டா வரமாட்டன்.”

“தண்ணி தண்ணிதானே, தங்கச்சி.”

“உங்களுக்குத் தண்ணி. நாளைக்கு அந்தப் படலையை ஆரும் பூட்டினா நான் எந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுறது?”

ஒழுங்கை முகப்பில் பொதுக் குழாய் இருக்கிறது. சைக்கிளின் பின்னால் இரண்டு தண்ணீர்க் கானும் முன்னால் ஒன்றும் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தரம் போய்வருகிறார். கத்தரியைக் கைவிட்டுவிட்டார். கீரைப் பாத்தி முந்தியதில் பாதிகூட இல்லை. நானும் இப்போது அந்தக் குழாயில்தான் எடுக்கிறேன். ஒரு கானைப் பிடிக்கிறேன் என்று கேட்டேன். “வேண்டாம் அண்ணை, பழகிப்போச்சு,” என்றார். குழாயடியில் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது நாங்கள் வெயிலைப் பற்றிப் பேசுகிறோம்.

இணக்க சபைக்கு அவருடைய விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார். முப்பத்திநாலு படத்தின் பிரதிகளையும் திகதி வரிசையில் இணைத்தேன். இரண்டு தவணை போய்விட்டது. படம் இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. கழற்றச் சொல்லிக் கேட்டபோது நண்பர், “ஏன், நல்ல படந்தானே,” என்றார். அவருக்கு என்னோடு கோபமில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இப்போதும் காலையில் வரைகிறேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் திகதிக்குப் பிறகு ஒரு வரி கூடுதலாக எழுதுகிறேன். விட்டது என்ன, மாற்றியது என்ன என்று. அந்த வரி சில நாள் படத்தைவிட நீளமாகிவிடுகிறது. போன மாதம் தங்கச்சியிடம் கேட்டு, அவருடைய வளவில் கதிரை போட்டு இருந்தேன். “இருந்து கீறுங்கோ. இருக்கிறதை மட்டும் கீறுங்கோ,” என்றார். அங்கிருந்து பார்த்தால் கிணறு இல்லை. சீமெந்துக் கல் மதில், பூசாதது, பதினான்கு வரிசை. எண்ணி வரைந்தேன். கோடு நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன்.

அன்று அவர் ஒரு விஷயம் சொன்னார். கிணற்றுக்கட்டுக்குச் சீமெந்து பூசிய அன்று, ஈரம் காயமுன், இரண்டு வீட்டுக்காரரின் முதலெழுத்துகளையும் தென்னோலை ஈர்க்கால் அருகருகே எழுதியிருந்தார்களாம். மாமரத்தடியிலிருந்து பார்த்தால் இடப்பக்கத்து வேலி வந்து முட்டுகிற இடத்தில். கணவர் காட்டியிருக்கிறார். கல்வெட்டும் பழைய ஏடும் வாசிக்க ஆசைப்படுகிற நான், ஒரு வருடத்துக்கு மேல் அதற்கு எதிரே இருந்திருக்கிறேன். அதை வாசித்த ஞாபகம் எனக்கு இல்லை. மதில் கட்டியபோது கிணற்றுக்கட்டையும் புதிதாகப் பூசிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் கொப்பியைப் பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 22.06.2019 பக்கத்தில், ஒன்பதாவது கதியாலுக்குக் கீழே, கட்டின்மேல் ஏழு சிறு கோடுகள் போட்டிருக்கிறேன். மற்ற வெடிப்புகளைப் போல அவை நீளமாக இல்லை. இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. அவை எழுத்துகளா, வெறும் வெடிப்புகளா என்பதை இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.